ஏரிக்கரைக்கு எந்த ஜெனரேற்றர்?

கொட்டேஜ் பருவம் தொடங்குகிறது. ஹைட்ரோ லைன் எட்டாத மீன்பிடிக் கேபினுக்குச் சத்தம் குறைந்த மெசின் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி.

மே மாதத்து விக்ரோறியா டே நீண்ட வாரவிறுதி வந்துவிட்டால் ஒன்ராறியோவின் நகரங்கள் வடக்கு நோக்கிக் கிளம்பிவிடும். நெடுஞ்சாலை 400-இல் மஸ்கோக்கா பக்கமாகவும், 115-இல் கவார்த்தா ஏரிகள் பக்கமாகவும் ஊர்ந்து போகும் வாகனங்களில் நம்மவர்களுடையவையும் நிறையவே இருக்கும். கூரையில் தூண்டில்கள், பின்னால் ஐஸ் பெட்டி, மூட்டை அரிசி, மிளகாய்த்தூள் போட்டு ஊறவைத்த ஆட்டிறைச்சி. ஸ்காபரோவில் இருந்து றைஸ் லேக்குக்குக் காலையில் போய் மாலையில் திரும்பியவர்கள் பின்னர் வாரக்கணக்கில் கேபின் வாடகைக்கு எடுத்தார்கள். இப்போது சிலர் கூட்டாகச் சேர்ந்து காணியே வாங்குகிறார்கள்.

வாங்குகிற காணி மலிவாக இருந்தால், பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஹைட்ரோ லைன் அதுவரை வந்திராது. ஒன்ராறியோவில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அத்தனை கரைகளுக்கும் மின்கம்பம் நட்டு முடியாது. புதிதாகக் கம்பி இழுக்கக் கேட்டால் தூரத்தைப் பொறுத்துச் செலவு ஏறும். ஆகவே பேச்சு ஜெனரேற்றரில் வந்து நிற்கும். நின்றதும் ஒருவர் சொல்வார்: "அண்ணை, 5000 வோட் ஒண்டை எடுங்கோ. பிறகு யோசிக்கத் தேவையில்லை."

அந்த ஆலோசனையில்தான் பிழை தொடங்குகிறது. அமைதியான ஜெனரேற்றர் வேண்டுமென்றால் கடைக்குப் போவதற்கு முன்னரே யோசிக்க வேண்டும். கேபினில் மின்சாரம் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டால் சத்தத்தின் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும்.

ஏரி சத்தத்தை விழுங்காது

ஜெனரேற்றர் நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதன் இரைச்சல் நன்றாகத் தெரியும். ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. மெசின் இரைந்தால் எங்கோ படம் ஓடுகிறது என்று அயல் முழுக்கத் தெரியும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

ஒன்ராறியோ ஏரிக்கரை வேறு மாதிரி. அங்கே வருபவர்கள் அமைதிக்காகவே காசு கொடுத்து வருகிறார்கள். அதோடு ஏரிக்கென்று ஓர் இயல்பு இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். நீர்ப்பரப்போ கடினமான, வழுவழுப்பான தளம். புல்லும் மரமும் உறிஞ்சுவதுபோல் அது ஒலியை உறிஞ்சாது, தெறித்து அனுப்பும். மாலையில் தண்ணீருக்கு அருகேயுள்ள காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது சூடாகவும் இருக்கும். மேலே போக வேண்டிய ஒலி அந்த நிலையில் வளைந்து மீண்டும் நீரை நோக்கி இறங்கும். பனி உருகி அதிக நாளாகாத மே மாதத்தில் ஏரி இன்னும் சில்லென்று இருப்பதால் இது இன்னும் கூடுதலாக நடக்கும். எதிர்க்கரையில் இருமுகிறவரின் இருமல் நமக்குக் கேட்பது இதனால்தான். நமது மெசின் அவருக்குக் கேட்பதும் இதனால்தான்.

நகரசபைகளுக்குத் தனித்தனிச் சத்த விதிகள் இருக்கின்றன. காணி வாங்குவதற்கு முன்னர் உங்கள் இடத்தின் விதியைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எல்லைக்கு அப்பால், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டும் ஜெனரேற்றரை இயக்குவது விதிமீறல். பழைய பாணித் திறந்த சட்டக மெசின்கள் பல அந்தக் கோட்டைத் தாண்டிவிடக்கூடியவை.

கடைக்கு முன் கணக்கு

ஒரு தாளை எடுத்துக் கேபினில் ஓடப்போகும் பொருட்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வோட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். நால்வர் தங்கும் ஒரு கேபினின் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

9 வோட் எல்ஈடி விளக்கு ஆறு: 54 வோட்
சிறிய பிரிட்ஜ், ஓடும்போது: 120 வோட்
நான்கு ஃபோன்கள்: 40 வோட்
படகு மோட்டாரின் பற்றரிக்குச் சார்ஜர்: 200 வோட்

கூட்டினால் 414 வோட். மீன்பிடிக்கு அவசியமான அனைத்தும் இதற்குள் அடங்கிவிட்டன. இனி நம்முடைய வழக்கமான பொருட்களைச் சேர்த்துப் பாருங்கள். பெரிய றைஸ் குக்கர் 700 வோட் அளவில் இழுக்கும். கேத்தல் 1500. மைக்ரோவேவ் 1500. மின் ஹீற்றர் இன்னொரு 1500. ஆக, 5000 வோட் மெசினைக் கேட்பது மீன்பிடி அல்ல, குசினி.

சமையலையும் சூட்டையும் புறொபேன் அடுப்புக்கும் விறகு அடுப்புக்கும் மாற்றிவிட்டால் கணக்கு 500-க்குள் நின்றுவிடும். சோறு புறொபேனில் நன்றாகவே வேகும்.

இந்தப் பட்டியலில் சேர்க்காத, ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று தண்ணீர்ப் பம்ப். ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் அரைக் குதிரைவலுப் பம்ப் ஓடும்போது 1000 வோட்டுக்குள் இருக்கும். புறப்படும் அந்த ஒரு நொடியில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். பிரிட்ஜும் அப்படித்தான், சிறிய அளவில். மெசினின் பெட்டியில் இரண்டு இலக்கங்கள் போட்டிருப்பது இதற்காகவே: ஒன்று சில நொடிகளுக்குத் தாங்கும் உச்சம், மற்றது தொடர்ந்து தரக்கூடியது. விளம்பரத்தில் பெரிதாக நிற்பது முதலாவது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது. பம்புக்காகப் பெரிய ஜெனரேற்றர் வாங்குவதைவிட, ட்ரெய்லர் வீடுகளில் பூட்டுகிற 12 வோல்ற் சிறிய பம்புக்கு மாறுவது மலிவு. அது ஒரு பற்றரியில் இருந்தே ஓடிவிடும்.

இன்வேட்டர் ஏன் இரையாது

வட அமெரிக்க மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். பழைய பாணி ஜெனரேற்றர் அந்த 60-ஐத் தருவதற்கு அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றியே ஆக வேண்டும். ஒரு ஃபோன் மட்டும் சார்ஜ் ஆனாலும் 3,600. முழுச் சுமையிலும் 3,600. ஒரு பிடி சோற்றுக்கும் அண்டாவுக்கு மூட்டும் தீயை மூட்டுவது போன்ற வேலை இது. பெற்றோலும் அப்படியே போகும்.

இன்வேட்டர் ஜெனரேற்றரில் எஞ்சினுக்கும் பிளக்குக்கும் நடுவே ஓர் இலத்திரனியல் பகுதி இருக்கிறது. எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றினாலும் வருகிற மின்சாரத்தை அது முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு சுத்தமான 60 ஹேர்ட்ஸாக மாற்றித் தரும். ஆகவே சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றலாம். எக்கோ என்று எழுதிய சுவிட்ச் செய்வது அதைத்தான். மூடிய பெட்டியும் நல்ல சைலன்சரும் சேரும்போது சத்தம் பேச்சுக்குரல் அளவுக்கு இறங்கிவிடும். மின்சாரம் சீராக வருவதால் லப்டொப்பும் மீன் தேடும் கருவியும் பழுதாகும் அச்சமும் குறைவு.

எக்கோவிலும் ஒரு சிறு தொல்லை உண்டு. முணுமுணுத்துக்கொண்டிருக்கும் மெசின், பிரிட்ஜின் கொம்பிரஸர் விழித்ததும் திடீரென மூச்சிழுத்து உறுமும். சில நொடிகளில் மறுபடி அடங்கும். ஒரே சீராக ஓடும் சத்தத்தில் தூங்கிவிடுகிறவர்கள்கூட இந்த ஏற்ற இறக்கத்தில் விழித்துக்கொள்வார்கள். இதற்கான வழி பின்னால் வருகிறது.

பெட்டியில் உள்ள டெசிபலை எப்படி வாசிப்பது

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு இரைச்சல். 50-க்கும் 70-க்கும் இடையில் காதுக்கு நான்கு மடங்கு வித்தியாசம்.

கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் சுமையில் அளந்தது? எத்தனை மீற்றரில் அளந்தது? எந்த வகை அளவு?

முதல் கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு ஹொண்டா ஈயூ2200ஐ. கால் சுமையில் 48 டெசிபல், முழுச் சுமையில் 57. இரண்டையும் ஹொண்டா சொல்கிறது. எல்லா நிறுவனங்களும் சொல்வதில்லை. அட்டைப்பெட்டியில் ஒரே ஒரு இலக்கம் மட்டும் இருந்தால் அது கால் சுமைக்குரியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வட அமெரிக்காவில் வழக்கமான அளவுத் தூரம் 7 மீற்றர், அதாவது 23 அடி. தூரம் எழுதாத டெசிபலுக்குப் பெறுமதி இல்லை. மூன்றாவது, லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் படத்தில் இதே வகை மெசினில் 90 அளவில் இலக்கம் ஒட்டியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஒட்டுவது மெசின் மொத்தமாக வெளியிடும் ஒலித் திறன். இங்கே அச்சிடுவது தள்ளி நிற்கும் காதுக்குக் கேட்கும் அளவு. இரண்டையும் ஒப்பிட முடியாது.

எதை வாங்கலாம்?

மேலே போட்ட 414 வோட் கணக்குக்கு 2000 வோட் வகுப்பு இன்வேட்டர் போதும், தாராளமாகப் போதும்.

இந்த வகுப்பில் மற்றவை எல்லாம் ஒப்பிடப்படுவது ஹொண்டா ஈயூ2200ஐ-யோடுதான். உச்சம் 2200 வோட், தொடர்ந்து 1800. எடை ஏறத்தாழ 21 கிலோ. ஒரு கையால் படகில் ஏற்றலாம், ஐம்பது தாண்டியவர்கள் நாரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டி 3.6 லீற்றர்தான். ஆனால் கால் சுமையில், அதாவது 450 வோட்டில், அதுவே எட்டு மணிநேரம் ஓடும். முழுச் சுமையில் மூன்று மணிநேரத்துக்குச் சற்று மேல். நமது கேபினின் 414 வோட் கால் சுமைக்குள் விழுகிறது. குறைந்த சத்தம், குறைந்த பெற்றோல் இரண்டும் அங்கேதான் கிடைக்கின்றன.

யமஹா ஈஎஃப்2000ஐஎஸ் வி2 தொடர்ந்து 1600 வோட் தரும். கால் சுமையில் 51.5 டெசிபல், எடை 20 கிலோ. சம்பியன் நிறுவனத்தின் 2500 வோட் இலகுரக மொடல் 18 கிலோவுக்குள் அடங்கும். 7 மீற்றரில் 53 டெசிபல் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. விலையில் இவ்வகை மெசின்கள் ஹொண்டாவைவிட வெகுவாகக் குறைவு. ஆண்டுக்கு நான்கைந்து வாரவிறுதிக்கு மட்டும் போகிறவர்களுக்கு அந்தச் சேமிப்பு நியாயமானது. கோடை முழுக்க ஓடவிடுபவர்கள் உதிரிப்பாகமும் திருத்துமிடமும் எங்கே கிடைக்கும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

குடும்பம் பெருகித் தேவை கூடினால் அதே வகை இரண்டாவது மெசினை வாங்கி இணைப்புக் கம்பியால் கோக்கலாம். இரண்டு சிறியவை ஒரு பெரியதைவிடத் தூக்க இலகு; தேவையில்லாதபோது ஒன்றை நிறுத்தியும் விடலாம்.

பெற்றோலிலும் புறொபேனிலும் ஓடும் இரட்டை எரிபொருள் மெசின்களையும் யோசியுங்கள். புறொபேன் எத்தனை மாதம் கிடந்தாலும் பழுதாகாது. சக்தி கொஞ்சம் குறையும். கடும் குளிரில் சிலிண்டரில் இருந்து வாயு எழும்புவதும் மந்தமாகும். கோடைக் கேபினுக்கு அது ஒரு குறையே அல்ல.

இரவுக்குப் பற்றரி

உலகத்திலேயே சத்தம் குறைந்த ஜெனரேற்றர் நிறுத்தி வைத்த ஜெனரேற்றர். மாலையில் மீன் வெட்டிக் கழுவி, சமைத்துச் சாப்பிடுகிற நேரத்தில் மெசினை ஓடவிட்டு, எடுத்துச் செல்லும் பற்றரிப் பெட்டி ஒன்றைச் சார்ஜ் பண்ணிக்கொள்ளுங்கள். படுக்கும் நேரத்தில் மெசினை அணைத்து, பிரிட்ஜைப் பற்றரிக்கு மாற்றிவிடலாம்.

எவ்வளவு பெரிய பற்றரி? விட்டு விட்டு ஓடும் சிறிய பிரிட்ஜ் சராசரியாக 60 வோட் என்று வைத்தால் ஒன்பது மணிநேரத்துக்கு 540 வோட்-மணி. மூச்சுத்திணறலுக்குச் சீபாப் மெசின் போட்டுப் படுப்பவர் ஒருவர் இருந்தால், ஈரமூட்டும் பகுதியை அணைத்துவிட்டு, எட்டு மணிநேரத்துக்கு 320. ஒரு விளக்கும் ஃபோன்களும் 100. மொத்தம் 960. மாற்றத்தில் இழப்பதையும் சேர்த்தால் 1,200 வோட்-மணிக்குக் குறையாத பெட்டி வேண்டும். சீபாப் இல்லாத வீட்டுக்கு 800 போதும்.

ஒரு எச்சரிக்கை: இப்பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று. அதைச் சுழியம் பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் சார்ஜ் பண்ணக் கூடாது. குளிர்காலத்தில் சிம்கோ ஏரியில் ஐஸ் மீன்பிடிக்குப் போகிறவர்கள் பெட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

சத்தம் குறைந்தாலும் புகை குறையாது

பழைய மெசின் இரைந்த காலத்தில் அதை யாரும் கிட்டே வைக்கவில்லை, வைக்க முடியாது. இன்வேட்டர் முணுமுணுக்கிறது. பத்து மணிக்கு மழை பிடிக்கிறது. "நனையுது, தாவாரத்துக்குள்ள இழுத்து விடு தம்பி" என்று மாமா ஒருவர் சொல்கிறார். தம்பியும் இழுத்து விடுகிறார். மேலே யன்னல் திறந்திருக்கிறது. அமைதியான மெசினில் ஆபத்து இப்படித்தான் வருகிறது.

எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அது குருதியிலுள்ள ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தலைச்சுற்று என்றுதான் ஆரம்பிக்கும். நாள் முழுக்க வெயிலில் படகில் இருந்தவருக்கு அது களைப்பாகவே தோன்றும். படுத்தால் எழும்ப முடியாமல் போகலாம். அமெரிக்காவில் சிறிய ஜெனரேற்றர்களின் காபனோரொட்சைட்டால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 பேர் இறக்கிறார்கள் என்று அந்நாட்டின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கட்டடத்தில் இருந்து குறைந்தது 20 அடி, அதாவது 6 மீற்றர், தள்ளி வைக்க வேண்டும். புகைக்குழாய் கேபினுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. விறாந்தை, கராஜ், தாவாரம் எல்லாமே கட்டடத்தைச் சேர்ந்தவைதான்.

2018-இல் வந்த அமெரிக்கத் தரத்தின்படி செய்யப்பட்ட புதிய மெசின்களில், சுற்றியுள்ள காற்றில் காபனோரொட்சைட்டு கூடினால் தானே நிற்கும் வசதி உண்டு. வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பவும் கூடாது. அந்த உணரி மெசினில் இருக்கிறது. மெசின் திறந்த வெளியில் நிற்க, காற்று புகையை யன்னலுக்குள் தள்ளினால் அதற்குத் தெரியவராது. நீங்கள் தூங்கும் அறையில் பற்றரியில் ஓடும் அலாம் ஒன்று இருந்தாக வேண்டும்.

ஒன்ராறியோ இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 2008-இல் வூட்ஸ்டொக் நகரில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பம் முழுவதும் வீட்டுக்குள் காபனோரொட்சைட்டால் இறந்தது. அங்கே காரணம் ஜெனரேற்றர் அல்ல. அடைபட்ட எரிவாயுக் கணப்பின் புகைவழி. அந்தக் குடும்பத்தின் பெயரால் 2013-இல் ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. எரிபொருள் எரியும் வீடுகளில் அலாம் கட்டாயமானது அதன் பின்னர்தான்.

6 மீற்றர் தள்ளி வைப்பது சத்தத்துக்கும் நல்லதே. பலகைத் தளத்தில் வைத்தால் பலகையும் சேர்ந்து அதிரும். மண்ணில், ஒரு றப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். ஏரிக்கும் மெசினுக்கும் நடுவில் பாறையோ விறகு அடுக்கோ இருக்கட்டும். மழைக்கு, ஜெனரேற்றருக்கென்றே விற்கும் திறந்த பக்கக் கூடாரம் கிடைக்கிறது. பலகையில் பெட்டி அடித்து மூடிவிடாதீர்கள். காற்றில்லாமல் மெசின் கொதிக்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

வயருக்கு, வெளிப்பாவனைக்குரிய 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் 15 மீற்றர் நீளத்துக்குப் போதும். இரண்டு பக்கமும் ஆண் முனையுள்ள வயரைச் செய்து சுவர் பிளக்கில் செருகும் குறுக்குவழி கொலைக்குச் சமன். கேபினின் வயரிங்கோடு இணைக்க வேண்டுமென்றால் அனுமதிபெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு மாற்றுச் சுவிட்ச் போடுங்கள்.

வைத்துப் பாவிக்க

சிறிய மெசின்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஓடி அல்ல, ஓடாமல் கிடந்து. ஒன்ராறியோவின் சாதாரண பெற்றோலில் 10 வீதமளவில் எதனோல் கலந்திருக்கிறது. சில மாதங்கள் கிடந்தால் காபரேற்றரில் பசையாகப் படிந்துவிடும். பருவம் முடிந்ததும் தொட்டியை வெறுமையாக்கி, மிச்சம் தீர்ந்து தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். முதல் ஒயிலை 20 மணிநேரத்தில் மாற்றுங்கள், பிறகு 100 மணிநேரத்துக்கு ஒருமுறை. குளிர்காலப் பாவனைக்கு 5டபிள்யூ-30 ஒயில். சூடான மெசினில் பெற்றோல் ஊற்றாதீர்கள்.

தீர்ப்பு

ஹைட்ரோ இல்லாத மீன்பிடிக் கேபினுக்கு எங்கள் பரிந்துரை: தொடர்ந்து 1600 முதல் 1800 வோட் வரை தரும், காபனோரொட்சைட்டுக்குத் தானே நிற்கும் இன்வேட்டர் ஒன்று, இரவுக்கு 1,200 வோட்-மணிப் பற்றரிப் பெட்டி ஒன்று, சமையலுக்குப் புறொபேன். 5000 வோட் மெசினுக்கு ஒதுக்கிய காசில் இவற்றின் கணிசமான பகுதி அடங்கிவிடும். இந்த வாரவிறுதி புறப்படுகிறவர்கள், தூண்டிலை எடுத்து வைக்க முன்னர், அலாமின் பரிசோதனைப் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பாருங்கள். அது கத்தாவிட்டால் புது பற்றரி போட்ட பிறகே காரை எடுங்கள்.